சிப்பியைச் சோதிக்கச் சுண்டெலி சாக வேண்டுமா?

கடல் சிப்பியில் பாசி நஞ்சு கலந்திருக்கிறதா என்றறிய ஐரோப்பாவில் நெடுங்காலம் சுண்டெலிகளையே நம்பினார்கள். சிப்பிச் சாற்றை மூன்று எலிகளின் வயிற்றில் ஊசியால் செலுத்துவார்கள். 24 மணி நேரத்தில் இரண்டு செத்தால் அந்தச் சிப்பி விற்பனைக்கு ஆகாது. (சிப்பி உண்ணலாமா என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு இருப்பது தனி விஷயம்.)

கொழுப்பில் கரையும் நஞ்சுகளுக்கு 2011 ஜூலை முதல் வேதியியல் கருவிச் சோதனையே ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை முறை. எலிச் சோதனைக்கு 2014 இறுதிவரைதான் அவகாசம். எலி சாவைத்தான் சொன்னது. கருவி எந்த நஞ்சு, எவ்வளவு என்றும் சொல்கிறது. தேவையின்றி உயிரை வதைப்பதை மார்க்கம் தடுத்திருப்பதால் இம்மாற்றத்தை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் தேடச் சொன்ன நஞ்சை மட்டுமே கருவி தேடும். அதனால் புதிய, அறியப்படாத நஞ்சுகளைக் கண்காணிக்க மட்டும் அச்சட்டம் எலிக்கு இடம் விட்டது. மாற்று இருக்கும் இடத்திலும் எலியைக் கொல்ல அந்த விதிவிலக்கு சாக்காகிவிடக் கூடாது என்பதே நம் கவலை.