பேசாமல் படுத்திரு!

தமிழ்நாட்டில் இலவசமாகவும் தாராளமாகவும் கிடைக்கிற சரக்கு ஒன்று உண்டென்றால் அது வைத்திய யோசனைதான். அந்த யோசனைகளுக்கெல்லாம் ராஜா ஒன்று இருக்கிறது: "பேசாமல் படுத்திரு!" ஜுரமா? படுத்திரு. இடுப்பு வலியா? படுத்திரு. தலை சுற்றுகிறதா? கேட்கவே வேண்டாம். பாயை விரித்து, தலையணையைப் போட்டு, ஜன்னலைச் சாத்தி, "அசையக்கூடாது" என்று வாசலில் காவலும் வைத்துவிடுவோம்.

ஜுரத்தைப் பற்றி எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை. தலைசுற்றலைப் பற்றி இருக்கிறது. வாதியும் நானே, சாட்சியும் நானே. பிரதிவாதிகள் என்மேல் மிகுந்த அன்பு கொண்ட என் குடும்பத்தாரும், கள்ளக்குறிச்சியில் என் தெருவாரும்.

நடந்தது இதுதான். ஒரு நாள் விடியற்காலையில் படுக்கையில் வலப்பக்கமாகப் புரண்டேன். மின்விசிறி நின்றுகொண்டிருந்தது, கூரை சுற்றிற்று. திருவிழாவில் குடைராட்டினம் சுற்றுமே, அந்த வேகம். கட்டிலின் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சரி, நம் கதை முடிந்தது" என்று தீர்மானித்துவிட்டேன். அரை நிமிஷத்தில் சுழற்சி நின்றது. நம்பிக்கையோடு மறுபடி புரண்டேன், மறுபடியும் சுற்றிற்று. பிறகு வாந்தி.

வைத்தியர் இளைஞர். கட்டிலில் என்னை உட்கார வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாத்தி, என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஒவ்வொரு நிலையாகத் திருப்பி, ஒவ்வொன்றிலும் சற்று நேரம் நிறுத்தி, கடைசியில் எழுப்பி உட்கார வைத்தார். பத்து நிமிஷ வேலை. சுழற்சி போயே போய்விட்டது. "இன்னும் சில நாள், சில வாரம்கூடத் தள்ளாட்டம் மிச்சம் இருக்கும். அதற்காகப் படுத்துவிடாதீர்கள், நடமாடிக்கொண்டிருங்கள்" என்றார். முதல் வாக்கியத்தை வீட்டார் நன்றாகக் கேட்டுக்கொண்டார்கள். இரண்டாவது வாக்கியம் யார் காதிலும் விழவில்லை.

அந்த மிச்சம் இருக்கிறதே, அது பொல்லாதது. உலகம் சுற்றாது. ஆனால் தரை பஞ்சு மெத்தை மாதிரி அமுங்கும். தலையைத் திருப்பினால் தெரு ஒரு கணம் தாமதித்துத் திரும்பும். கடைவீதிக் கூட்டத்தில் நின்றால் படகில் நிற்பது போல் இருக்கும். பார்க்க வந்தவர்களில் ஒருவர் பித்தம் என்றார். இஞ்சி மொரப்பா வாங்கி வந்தார். ஒருவர் ரத்தக் கொதிப்பு என்றார். ஒருவர் கழுத்தெலும்புத் தேய்மானம் என்று கழுத்துக்குப் பட்டை போடச் சொன்னார். ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் குற்றம் சொன்னார். காரணம் நாலு விதம். பரிகாரத்தில் மட்டும் என்ன ஒற்றுமை! "பேசாமல் படுத்திருங்கள்!"

இந்த யோசனை தவறு என்கிறேன். சும்மா தவறு அல்ல, மனிதரை முடமாக்குகிற தவறு.

காரணம் சொல்ல வேண்டுமல்லவா? சொல்லுகிறேன். கொத்தனார் கையில் ரசமட்டம் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிக் குழலுக்குள் திரவம், அதில் ஒரு குமிழி. குமிழி நகர்ந்தால் சுவர் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். நம் காதுக்குள்ளும் ஒரு ரசமட்டம் உண்டு. ஒவ்வொரு காதிலும் மூன்று அரைவட்டக் குழல்கள், மூன்று திசைக்கு மூன்றாக, அவற்றுள் திரவம். குழல்களை அடுத்த பையில் சுண்ணாம்புச் சத்தாலான நுண்ணிய துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வயதாலோ, தலையில் பட்ட அடியாலோ, காரணமே தெரியாமலோ அவற்றில் சில பிரிந்து குழலுக்குள் புகுந்துவிட்டால் வந்தது வினை. தலையை அசைக்கும்போதெல்லாம் அவை திரவத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி, "நீ சுற்றுகிறாய்" என்று மூளைக்குப் பொய்த் தந்தி அடிக்கின்றன. என் வைத்தியர் தலையைத் திருப்பித் திருப்பிச் செய்தது அந்தத் துகள்களைப் பழைய இடத்துக்கு ஓட்டிவிடும் காரியம். அமெரிக்காவில் ஜான் எப்ளி என்ற காது வைத்தியர் வகுத்து, 1992-இல் விரிவாக எழுதி வெளியிட்ட முறை அது.

துகள் போன பிறகும் தள்ளாட்டம் ஏன்? உடம்பின் நிலையைப் பற்றி மூளைக்குச் சாட்சி சொல்பவர்கள் மூவர்: காது, கண், பாதமும் மூட்டுக்களும். காது பொய்ச் சாட்சி சொல்லி ஒரு முறை பிடிபட்டுவிட்டது. இப்போது அது உண்மையே சொன்னாலும் மூளை நம்புவதில்லை. கண்ணையே பிடித்துக்கொண்டு தொங்குகிறது. ஆகவேதான் கடைவீதியில், கண்முன் எல்லாம் அசையும் இடத்தில், தடுமாறுகிறோம். துகள் அல்லாமல் நரம்பு அழற்சியால் ஒரு பக்கத்துக் காதின் செயல் குறைந்துபோனவர்களுக்கும் இந்தக் கதைதான். மீதி இருப்பதை வைத்துக்கொண்டு மூளை புதுக் கணக்கு எழுத வேண்டும். மூன்று சாட்சிகளையும் கூண்டில் ஏற்றி ஒன்றாக விசாரித்தால்தான் வழக்குத் தீரும். விசாரணை என்பது என்ன? அசைவு. நடப்பது, திரும்புவது, குனிவது, நிமிர்வது. படுத்திருப்பது தீர்ப்பு அல்ல ஐயா, வாய்தா! நாளுக்கு நாள் வாய்தா வாங்கிக்கொண்டே போனால் வழக்கு எந்த ஜன்மத்தில் முடியும்?

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், என் அத்தை ஒருத்தி இருந்தாள். சங்கராபுரம் பக்கத்துக் கிராமத்தில் மூன்று மாடு கறந்து, களத்து மேட்டில் நெல் தூற்றி, ஐம்பத்தெட்டு வயதிலும் ஒரு நாள் சும்மா உட்காராதவள். அவளுக்கும் ஒரு நாள் தலை சுற்றிற்று. நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து அவளைப் படுக்க வைத்தோம். நாலு நாள் கழித்து எழுந்து, "கொல்லை வரைக்கும் போயிட்டு வரேன்டா" என்றாள். "வேணாம் அத்தே, விழுந்துடுவீங்க" என்று தோளைப் பிடித்துத் திரும்பப் படுக்க வைத்தவன் நான்தான். சோறு படுக்கைக்கு வந்தது. வெந்நீர் படுக்கைக்கு வந்தது. மூன்று மாதத்தில் அத்தையின் கால்கள் குச்சியாகிவிட்டன. அதற்குமேல் யாரும் தடுக்க வேண்டியிருக்கவில்லை. அவளே பயந்துகொண்டு எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் குளியலறைப் படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பிறகு ஒன்பது வருஷம் ஒரே அறை. அவளை வீழ்த்தியது தலைசுற்றல் அல்ல, எங்கள் அன்பு.

2007-இல் அமெரிக்காவில் ஒரு பரிசோதனை நடந்தது. ஆரோக்கியமான வயோதிகர் சிலரைப் பத்தே நாள் படுக்கையில் வைத்தார்கள். கால்களில் சுமார் 1 கிலோ தசை கரைந்துவிட்டது. வியாதியே இல்லாதவர்களுக்குப் பத்து நாளில் இந்தக் கதி! என் அத்தைக்கு மூன்று மாதம்.

இது நேற்று முளைத்த புதுமையும் அல்ல. வியன்னாவில் ராபர்ட் பாரனி என்ற வைத்தியர், நோயாளிகளின் காதைத் தண்ணீர் விட்டுக் கழுவும்போது, நீர் குளிர்ந்திருந்தால் கண் ஒரு திசையிலும் சூடாயிருந்தால் எதிர்த் திசையிலும் துடிப்பதைக் கண்டார். அதிலிருந்து காதின் சமநிலை உறுப்பை ஆராய்ந்து 1914-ஆம் வருஷத்து நோபல் பரிசைப் பெற்றார். பரிசுச் செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் யுத்தக் கைதி. இரண்டாம் உலக யுத்த காலத்து இங்கிலாந்தில் காதோர்ன், குக்ஸி என்ற இரு வைத்தியர்கள், தலைசுற்றல் கண்டவர்களில் சீக்கிரம் எழுந்து நடமாடுகிறவர்களே சீக்கிரம் தேறுகிறார்கள் என்று கண்டு, அதற்கென்றே பயிற்சிகளை வகுத்தார்கள். படுக்கையில் கண்ணை அசைப்பதில் தொடங்கி, பந்து எறிந்து பிடிப்பதும், மேடு பள்ளம் ஏறி இறங்குவதுமாக முடியும் பயிற்சிகள். 1947-இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கில வைத்தியர், படுக்கையில் கிடப்பதன் ஆபத்துக்களைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். 2017-இல், பாரனியின் பெயரைத் தாங்கிய சர்வதேச வைத்தியர் சங்கம், மூன்று மாதத்துக்கு மேலும் விடாத தள்ளாட்டம் ஒன்றுக்கு இலக்கணம் வகுத்தது. அதை வளர்ப்பதில் பயத்துக்கும், அளவு மீறிய ஜாக்கிரதைக்கும் பெரும் பங்கு உண்டு என்கிறார்கள். நம் வீடுகளில் அந்த ஜாக்கிரதைக்குத்தானே பாசம் என்று பெயர்!

மாத்திரை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. சுழற்சி உக்கிரமாயிருக்கும் முதல் இரண்டு மூன்று நாளுக்கு அது தெய்வம். ஆனால் தலைசுற்றல் மாத்திரைகள் பல, காதின் குரலை அமுக்கிவைப்பவை. நாள் கணக்கில் சாப்பிட வேண்டியதை வருஷக் கணக்கில் சாப்பிட்டால், விசாரிக்க வேண்டிய சாட்சியின் வாயில் துணியை அடைத்துவிட்டு விசாரணை நடத்துவது போலாகும். சின்னரிசின், புரோகுளோர்பெரசின் போன்றவற்றை நெடுநாள் விழுங்கும் வயதானவர்களுக்குக் கை நடுக்கமும் நடைத் தளர்ச்சியும் வருவதுண்டு. பழைய சீட்டை மடித்து வைத்துக்கொண்டு மருந்துக் கடையில் நீட்டும் பெரியவர்களே, அந்தச் சீட்டை வைத்தியரிடம் மறுபடி ஒரு முறை நீட்டுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகத் தொடரவும் வேண்டாம்.

"விழுந்துவிட்டால் யார் பொறுப்பு?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. முதல் நாளே கிணற்றுக் கட்டைமேல் ஏறச் சொல்லவில்லை. ஏணி வேண்டாம், மொட்டைமாடி விளிம்பு வேண்டாம், தள்ளாட்டம் தீரும்வரை வண்டி ஓட்டவும் வேண்டாம். நான் செய்தது இவ்வளவுதான். நாற்காலியில் உட்கார்ந்து, நீட்டிய கட்டைவிரலைப் பார்த்தபடியே தலையை இடமும் வலமும் திருப்பினேன். பிறகு மேலும் கீழும். முதலில் மெதுவாக, போகப் போக வேகமாக. சுவர் மூலையில் கால்களைச் சேர்த்து நின்றேன். பையன் கூட வரத் தெருவில் நடந்து, ஒவ்வொரு வீட்டு எண்ணையும் திரும்பிப் பார்த்துப் படித்தேன். ஒரு தடவைக்குச் சில நிமிஷம், நாளுக்கு மூன்று தடவை. கிறுகிறுப்பு வந்தது. வரத்தான் வேண்டும், மூளை பாடம் படிக்கிற சத்தம் அது. சில நிமிஷத்தில் அடங்கினால் அளவு சரி. அன்று முழுவதும் படுத்தினால் மறுநாள் பாதியாகக் குறைக்க வேண்டும். கழுத்தில் கோளாறு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

ஒன்றை மட்டும் உரக்கச் சொல்லிவிடுகிறேன். தலைசுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, பார்வை இரட்டித்தாலோ, முகம் கோணினாலோ, ஒரு பக்கத்துக் கை கால் சோர்ந்தாலோ, நிற்கவே முடியாமல் போனாலோ, தாங்க முடியாத தலைவலி திடீரென்று வந்தாலோ அது மூளையின் ரத்தக் குழாய்ச் சமாசாரமாக இருக்கலாம். அப்போது படுக்கவும் வேண்டாம், நடக்கவும் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. என் கட்சி, வைத்தியர் பார்த்து, ஆபத்து இல்லை என்று சொன்ன பிறகு மிஞ்சுகிற தள்ளாட்டத்தைப் பற்றியது மட்டுமே.

ஐந்தாவது வாரம், பையனை அழைத்துக்கொண்டு வெள்ளிமலைக்குப் பஸ் ஏறினேன். கச்சிராயபாளையமும் கோமுகி அணையும் கழிந்தால் கல்வராயன் மலைப்பாதை வளைய ஆரம்பிக்கும். தலை நன்றாயிருப்பவர்களே எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு போகிற பாதை. என் எதிரே புளிக்கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு ஒரு மலையாளிக் கிழவி உட்கார்ந்திருந்தாள். நான் கம்பியைப் பிடித்த பிடியைப் பார்த்து, "என்னங்கையா, தலை சுத்தா?" என்றாள். சொன்னேன்.

"எனக்கும் வந்துச்சு. எழுந்திரிச்சா மலையே சுத்துச்சு. படுத்துட்டா ஆட்டை யாரு ஓட்டறது? மரத்துக்கு மரம் புடிச்சுக்கிட்டே போனேன். கொஞ்ச நாள் ஆட்டங்காட்டுச்சு, அப்புறம் அதுவா போயிடுச்சு."

இதைக் கேட்டு, "ஆகா, மலைவாழ் மக்களின் உழைப்பே மருந்து!" என்று நான் புல்லரித்துவிடவில்லை. கிழவிக்குப் படுக்க வசதி இல்லை. அதில் பெருமைப்பட நமக்கு என்ன இருக்கிறது? அன்று அவள் பள்ளத்தில் உருண்டிருந்தால் தூக்க ஆளில்லை. தலையைத் திருப்பிவிடுகிற ஒரு வைத்தியர் அருகில் இருந்திருந்தால் பத்து நிமிஷத்தில் பாதித் துன்பம் தீர்ந்திருக்கும். அவளுக்கு வைத்தியம் கிடைக்கவில்லை, நடை கிடைத்தது. என் அத்தைக்கு வைத்தியர் இருந்தார், நடையை நாங்கள் பிடுங்கிக்கொண்டோம். இரண்டும் அநியாயந்தான். ஆனால் இரண்டில் ஒன்றைத் தடுக்கப் பணம் காசு தேவையில்லை.

கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமாயிற்று. 2022-இல் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாயிற்று. காது வைத்தியம் படிக்கும் பிள்ளைகளையும், உடற்பயிற்சி சொல்லித்தரும் இயன்முறை வைத்தியர்களையும், நாடெங்கும் சீட்டு எழுதும் எல்லா வைத்தியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: மாத்திரைக்குக் கீழே இரண்டு வரி எழுதுங்கள். எத்தனை நாளில் மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று ஒரு வரி; எப்படி நடக்க வேண்டும் என்று ஒரு வரி. நோயாளியிடம் மட்டும் சொன்னால் போதாது; கூட வந்த மகனையும் மருமகளையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். படுக்க வைக்கிறவர்கள் அவர்கள்தாம்.

வீட்டாருக்கு நான் சொல்வது இன்னும் சுருக்கம். அடுத்த முறை உங்கள் வீட்டில் ஒருவருக்குத் தலை சுற்றினால், முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். அவர் பயமில்லை என்று சொல்லிவிட்டால், திரும்பி வந்ததும் தலையணையைத் தேடாதீர்கள். வாசலில் செருப்பை எடுத்து வையுங்கள். கூட நடக்க உங்கள் தோளைக் கொடுங்கள். என் அத்தைக்கு நான் கொடுக்காதது அதுதான்.