“நீ எங்க ஆளு இல்லேம்மா!” காண்ட்ராக்ட் தொழிலாளி அரசு ஆபீஸ் மீது புகார் கொடுக்க முடியுமா?

சென்னை:-

“நீ எங்க ஆளு இல்லேம்மா. உன் காண்ட்ராக்டரைப் போய்ப் பாரு!”

அரசு ஆபீசில் கூட்டிப் பெருக்கும் பெண் ஏதாவது முறையிட்டால் கிடைக்கும் வழக்கமான பதில் இது. காண்ட்ராக்டரிடம் போனால், “ஆபீசரைப் பகைச்சுக்கிட்டா எனக்கு டெண்டர் போயிடும். கொஞ்சம் அனுசரிச்சுப் போ” என்பார்.

இரண்டு கதவும் சாத்தியாகிவிட்டது. இனி எங்கே முட்டுவது?

ஆஸ்பத்திரி, மாநகராட்சி, ரெயில்வே என்று எங்கே பார்த்தாலும் காண்ட்ராக்ட் ஆட்கள்தான். துப்புரவு, காவல், லிப்ட், தோட்டம், கம்ப்யூட்டர் வரை வந்தாயிற்று. கட்டடம் அரசுடையது. வேலை அரசு வேலை. ஏவுகிறவரும் அரசு அதிகாரி. சம்பளச் சீட்டில் மட்டும் வேறு பெயர்.

இந்த ஆட்களைப் பெண் என்றும், இன்ன சாதி என்றும், கர்ப்பிணி என்றும் பார்த்துப் பாரபட்சமாக நடத்தினால் அந்த அரசுத் துறை மீதே புகார் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல. சில விஷயங்களில் சட்டம் காண்ட்ராக்டரைத் தாண்டிக் கை நீட்டுகிறது. சிலவற்றில் காண்ட்ராக்டரோடு நின்றுவிடுகிறது. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலரும் அலைகிறார்கள்.

தெரிந்தாலும் தெரியாவிட்டாலும்

முதலில் பெண்களுக்குப் பாலியல் தொல்லை. இதில் சட்டம் பளிச்சென்று இருக்கிறது.

2013-ம் ஆண்டு வந்த சட்டத்தில் “ஊழியர்” என்றால் யார் என்று விளக்கியிருக்கிறார்கள். நிரந்தரம், தற்காலிகம், தினக்கூலி எல்லாம் அதில் அடக்கம். நேராக வேலைக்கு வைத்தாலும் சரி, காண்ட்ராக்டர் மூலம் வைத்தாலும் சரி. அதுவும் எப்படி? முதன்மை வேலையளிப்பவருக்குத் தெரிந்தோ தெரியாமலோ வைத்திருந்தாலும் அந்தப் பெண் ஊழியர்தான்!

ஆகவே “எங்க ஆளு இல்லே” என்ற பேச்சு இங்கே எடுபடாது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஒவ்வோர் ஆபீசிலும் உள் விசாரணைக் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். வெளியாள் ஒருவரும் உண்டு. குழு அமைக்காத ஆபீசுக்கு 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். 10 பேருக்குக் குறைவான இடமென்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது.

இந்தச் சட்டம் பிறந்த கதையே ஒரு கடைநிலைப் பெண்ணின் கதைதான். 1992-ல் ராஜஸ்தான் மாநிலம் பத்தேரி கிராமத்தில், அரசின் மகளிர் முன்னேற்றத் திட்டத்தில் சொற்பத் தொகைக்கு வேலை பார்த்தவர் அவர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனார். அந்த ஆத்திரத்தில் ஒரு கும்பல் அவரைச் சீரழித்தது. அரசு வேலை செய்யப் போய் நேர்ந்த கொடுமை. ஆனால் பாதுகாப்புக்கு ஒரு விதி கிடையாது. அதை முன்வைத்து மகளிர் அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான், 1997 ஆகஸ்டு 13-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு “விசாகா” நெறிமுறைகளை வகுத்தது. அது சட்டமாக மேலும் 16 ஆண்டுகள் ஆயின.

குழுக்கள் காகிதத்தில்தான் இருக்கின்றன என்ற குறை தீரவில்லை. பல இடங்களில் குழுவே இல்லை என்று 2023 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டே வேதனைப்பட்டது. எந்த ஆபீசிலும் குழு உறுப்பினர் பெயர்ப் பட்டியலைச் சுவரில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். துடைப்பம் வைக்கும் அறைப் பக்கம் அதை ஒட்டிய அதிகாரி எத்தனை பேரோ!

கர்ப்பிணிக்குக் கிடைத்த பதில்

அடுத்தது பிரசவ விடுப்பு. டெல்லி மாநகராட்சியில் தினக்கூலிக்கு ரோடு வேலை பார்த்த பெண்கள் விடுப்பு கேட்டார்கள். “நிரந்தர ஊழியருக்குத்தான் அது, உங்களுக்கு இல்லை” என்றது நிர்வாகம். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2000-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி, மகளிர் தினத்தன்றே, தினக்கூலிப் பெண்களுக்கும் பேறுகாலச் சலுகை உண்டு என்று தீர்ப்பு வந்தது.

அந்தப் பெண்கள் நேரடித் தினக்கூலிகள்; நடுவில் காண்ட்ராக்டர் இல்லை. ஆனால் 1961-ம் ஆண்டு பேறுகாலச் சட்டம் “நேரடியாகவோ ஏஜென்சி மூலமாகவோ” என்றே எழுதப்பட்டிருந்தது. 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் காண்ட்ராக்டர் மூலம் வந்தவர் சேர்க்கப்பட்டிருக்கிறார். 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். முதல் இரண்டு பிரசவத்துக்குத் தலா 26 வாரம். விடுப்பு நடுவில் காண்ட்ராக்ட் காலம் முடிந்தாலும் சலுகை நின்றுவிடாது என்று 2023 ஆகஸ்டில், டெல்லி அரசு ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

டாக்டருக்கு ஒரு நியாயம், துடைப்பம் பிடிப்பவருக்கு ஒரு நியாயமா என்று கேட்டால் பதில் சொல்ல யாராலும் முடியாது.

திட்டினால் கேஸ், திட்டாவிட்டால்?

சாதி விஷயம்தான் சிக்கலானது.

பலர் முன்னிலையில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால், பாதிக்கப்பட்டவர் யாருடைய ஊழியர் என்ற கேள்வியே எழாது. 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் நேரே போலீஸ் நிலையத்துக்குப் போகலாம். வழக்குப் பதிவு செய்யும் முன் முதல்கட்ட விசாரணை தேவை இல்லை என்று 2018-ல் திருத்தமே கொண்டுவந்தார்கள். கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கு 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை ஜெயில்.

சரி, யாரும் திட்டவில்லை. மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் ஒரே காண்ட்ராக்டில் வந்த பத்துப் பேரில் குறிப்பிட்ட சாதிக்காரர்களுக்கு மட்டும் தினமும் கக்கூஸ் டூட்டி. மற்றவர்களுக்கு லிப்ட், கேட், பைல் தூக்கும் வேலை. “அவங்களுக்குப் பழக்கம் சார்” என்கிறார் சூப்பர்வைசர். இதற்கு என்ன செய்வது?

இதற்கும் ஒரு பழைய சட்டம் தூங்கிக்கொண்டிருக்கிறது. 1955-ம் ஆண்டு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் 7-ஏ என்று ஒரு பிரிவு. தீண்டாமை காரணமாக ஒருவரைக் கட்டாயப்படுத்திக் கூட்டவோ கழிவு அள்ளவோ வைத்தால் குற்றம். அதே சட்டத்தின் 12-வது பிரிவு இன்னும் பலமானது. பாதிக்கப்பட்டவர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் என்றால், தீண்டாமையால்தான் அப்படிச் செய்தார்கள் என்றே கோர்ட்டு முதலில் எடுத்துக்கொள்ளும். “இல்லை” என்று காட்டுவது எதிர்த்தரப்பின் பாடு.

ஆனால் “கட்டாயப்படுத்தினார்கள்” என்பதை யார் வந்து சாட்சி சொல்வது? பக்கத்தில் நிற்பவரும் அதே காண்ட்ராக்டரின் ஆள்தானே!

தேசிய தாழ்த்தப்பட்டோர் கமிஷன் ஒரு வழி. அரசுத் துறைத் தலைவரையே சம்மன் அனுப்பி அழைக்கும் சிவில் கோர்ட்டு அதிகாரம் அதற்கு உண்டு. தமிழ்நாட்டில் 2021 முதல் மாநில ஆணையமும் இருக்கிறது. அரசு ஊழியரின் மனித உரிமை மீறல் என்றால் மாநில மனித உரிமைக் கமிஷனுக்கும் எழுதலாம். ஒரு வருடத்துக்குள் எழுத வேண்டும்.

சம்பளத்தில் மட்டும் சுவர்

பக்கத்தில் நிற்கும் நிரந்தர ஊழியருக்கு 50 ஆயிரம், எனக்கு 15 ஆயிரம், ஏன் இந்த ஓரவஞ்சனை? இந்தக் கேள்வியோடு போனால் சட்டம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

2016-ல் சுப்ரீம் கோர்ட்டு “சம வேலைக்குச் சம சம்பளம்” தற்காலிக ஊழியருக்கும் உண்டு என்றது. அது அரசே நேராக வைத்த தற்காலிக ஆட்களின் வழக்கு. காண்ட்ராக்டர் ஆள் அதைக் காட்டினால், “உன் முதலாளி வேறு” என்பார்கள். ஆண்-பெண் சம்பளப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமும் ஒரே முதலாளியிடம் வேலை பார்ப்பவர்களைத்தான் ஒப்பிடுகிறது.

நிரந்தரம் கேட்டால் 2001-ம் ஆண்டு உருக்கு ஆணைய வழக்கின் தீர்ப்பு குறுக்கே நிற்கிறது. காண்ட்ராக்ட் தொழிலாளி தானாக அரசு நிறுவன ஊழியர் ஆகிவிட மாட்டார். காண்ட்ராக்டே வெறும் நாடகம், வேலை வாங்குவதும் நீக்குவதும் ஆபீஸ்தான் என்று தொழிலாளர் நீதிமன்றத்தில் நிரூபித்தால் மட்டுமே வழி.

2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் துப்புரவுத் தொழிலாளர்கள் 13 நாள் உட்கார்ந்தது நகரத்துக்கு மறந்திருக்காது. தனியார் கம்பெனியிடம் ஒப்படைக்கக் கூடாது என்பது அவர்கள் கோரிக்கை. சம்பளக் குறைவு மட்டுமல்ல அதில் இருந்த பயம். அதே தெரு, அதே குப்பை; குறையைச் சொல்ல வேண்டிய வாசல் மட்டும் மாறிவிடுகிறது.

ஒன்று மட்டும் உறுதி. காண்ட்ராக்டர் சம்பளம் கொடுக்காமல் ஏமாற்றினால் அரசுத் துறையே கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிக்க வேண்டும். 1970-ம் ஆண்டு சட்டத்திலும் அப்படித்தான், இப்போதைய தொகுப்பிலும் அப்படித்தான்.

“நாளைக்கு வராதே”

இவ்வளவு சட்டம் இருந்தும் புகார் வராததற்குக் காரணம் எளிது. புகார் கொடுத்த மறுநாள் கேட்டில் நிறுத்தி, “நாளையிலேருந்து வர வேணாம்” என்பார்கள். நீக்கியதாக ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. டெண்டர் மாறும்போது பட்டியலில் பெயர் விடுபட்டதாகச் சொல்வார்கள்.

அதனால்தான் கேட் பாஸ், அடையாள அட்டை, பி.எப்., இ.எஸ்.ஐ. நம்பர், பாங்கியில் சம்பளம் ஏறிய சீட்டு ஆகியவற்றைப் புகாருக்கு முன்பே பத்திரப்படுத்த வேண்டும் என்கிறோம். “அப்படி ஒரு ஆளே இங்கே வேலை பார்க்கவில்லை” என்ற பதிலும் வரும்!

பாலியல் தொல்லைப் புகாருக்குக் கெடு மூன்று மாதம். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் தரலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை அந்தப் பெண்ணை வேறு பிரிவுக்கு மாற்றவோ மூன்று மாதம் வரை லீவு தரவோ சிபாரிசு செய்யலாம். எழுதத் தெரியாதவர் என்றால் குழுவினரே எழுத உதவ வேண்டும். கைநாட்டு வைத்தாலும் அது புகார்தான்.