யாருக்காக வாதாடியவர் நீதியரசராகிறார்?

2013ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் திகதி அமெரிக்க ஐக்கிய நாட்டின் செனற் சபை ஒரு நியமனத்தை அங்கீகரித்தது. ஆதரவாக 97 வாக்குகள். எதிராக ஒன்றுதானும் இல்லை. வாஷிங்டனிலுள்ள சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அவ்வாறு அனுப்பப்பட்டவர் ஸ்ரீ ஸ்ரீநிவாசன். அவருடைய தந்தையார் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமமொன்றைச் சேர்ந்தவர். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலே கணிதப் பேராசிரியராக இருந்தவர். அந்நாட்டின் மேன்முறையீட்டு நீதிமன்றமொன்றில் அமர்ந்த முதலாவது தென்னாசியர் மகனார். 2020இல் அதே நீதிமன்றத்தின் பிரதம நீதியரசராகவும் உயர்ந்தார். "நம்மவர்" என்று தமிழர் பலர் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சியில் பிழை காண நாம் வரவில்லை. நிறத்தால் பிளவுண்ட ஒரு நாட்டிலே நெல்லைச் சீமையின் பெயரொன்று அந்த ஆசனம்வரை சென்றது சிறிய காரியமல்ல. ஆயின், ஒரேயொரு எதிர்ப்புக் குரலுமின்றி ஒருவரை அங்கே கொண்டு சேர்க்கும் பாதை எத்தகையது என்பதை மகிழ்ந்தவர்களுள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தனர்?

இந்த ஆசனம் எவ்வளவு பெரிது என்பதை முதலில் மனங்கொள்ள வேண்டும். அமெரிக்காவிலே சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றங்கள் பதின்மூன்று. அவற்றில் நீதியரசர் பதவிகள் 179. நியமனம் ஆயுட்காலத்துக்கு உரியது. உச்ச நீதிமன்றமோ ஆண்டொன்றுக்கு அறுபது எழுபது வழக்குகளையே முழுமையாக விசாரிக்கிறது. எஞ்சிய பல்லாயிரம் மேன்முறையீடுகளுக்கு இந்நீதிமன்றங்களின் வாக்கே இறுதி வாக்கு. உச்ச நீதிமன்றத்துக்கு வாயிலும் இதுவேதான். 2022 ஜூனில் கெற்றாஞ்சி பிரவுன் ஜாக்சன் அங்கே பதவியேற்றபோது, ஒன்பது நீதியரசர்களுள் எண்மர் மேன்முறையீட்டு நீதிமன்றங்களிலிருந்து ஏறி வந்தவர்கள்.

சரி, பாதையைப் பார்ப்போம். முதலில், விரல்விட்டு எண்ணத்தக்க சட்டக் கல்லூரிகளுள் ஒன்று. ஸ்ரீநிவாசனுக்கு அது ஸ்ரான்போர்ட். சட்டத்தோடு வணிக நிருவாகப் பட்டமும் பெற்று 1995இல் வெளியேறினார். அடுத்தது, நீதியரசர் ஒருவரிடம் ஓராண்டுக் "கிளாக்" பதவி. நம்மூர்க் கிளாக்கர் உத்தியோகத்தை வாசகர் நினைத்துவிட வேண்டாம். நீதியரசருக்காகச் சட்டத்தை ஆராய்ந்து தீர்ப்பின் வரைவையே எழுதிக் கொடுக்கும் பதவி அது. ஸ்ரீநிவாசன் முதலில் மேன்முறையீட்டு நீதியரசர் வில்கின்சனிடமும், பின்னர் உச்ச நீதிமன்றத்திலே சான்ட்ரா டே ஓகொனரிடமும் பணியாற்றினார். உச்ச நீதிமன்றத்தில் இப்படி ஓராண்டைக் கழித்து வெளியேறும் இளைஞரை இழுத்துக் கொள்வதற்குப் பெரிய சட்ட நிறுவனங்கள் இந்நாட்களில், சம்பளத்துக்கு மேலதிகமாக, நாலு லட்சம் டொலருக்கும் கூடுதலான தொகையைக் கைமேல் கொடுக்கின்றன. அந்தப் பணத்தை வாங்கியவர் யாருக்காக வாதாடுவார் என்று சோதிடம் பார்க்க வேண்டியதில்லை.

ஸ்ரீநிவாசன் ஓமெல்வெனி அன்ட் மையர்ஸ் என்னும் நிறுவனத்துக்கும் அரசின் சொலிசிற்றர் ஜெனரல் காரியாலயத்துக்கும் இடையே மாறி மாறிப் பணிபுரிந்தார். என்ரொன் கொம்பனியின் மோசடியால் ஊழியர் பலர் தமது ஓய்வுகாலச் சேமிப்பையே இழந்தனர். அக்கொம்பனியின் தலைவர்களுள் ஒருவரும் குற்றவாளியாகக் காணப்பட்டு 24 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றவருமான ஜெவ்ரி ஸ்கிலிங்கிற்காக 2010இல் உச்ச நீதிமன்றத்திலே வாதாடியவர் அவர்தான். பூகன்வில் தீவு மக்கள் வழக்குத் தொடுத்த ரியோ ரின்ரோ சுரங்கக் கொம்பனியின் சட்டத்தரணிகளுள் அவரும் ஒருவர். இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்திலே எரிவாயு நிலையத்துக்குக் காவல் நின்ற படையினர் கொன்றனர், வதைத்தனர் என்று முறையிட்ட கிராமத்து மக்களுக்கு எதிரே, எக்ஸொன் மொபில் கொம்பனியின் தரப்பிலும் அவர் நின்றார்.

இவ்விடத்தில் சட்டம் கற்ற நண்பர்கள் குறுக்கிடுவர். "சட்டத்தரணி வேறு, அவருடைய கட்சிக்காரர் வேறு. கொலைகாரனுக்கும் ஒரு வாய் வேண்டும். வாதாடியதற்காக ஒருவரைக் குற்றங்கூறினால் நாளை ஏழைக்கு வாதாட எவர் வருவார்?" என்பர். நியாயமான வாதம். நாமும் அதை ஏற்கிறோம். ஸ்ரீநிவாசன் சட்டத்துக்கு மாறாக எதுவும் செய்தாரென்று நாம் கூறவில்லை; நீதியரசராக அவர் அளித்த தீர்ப்புகளை எடைபோடவும் இங்கு முற்படவில்லை. நமது கேள்வி வேறு. அந்த உயர்ந்த கோட்பாடு எல்லாச் சட்டத்தரணிகளுக்கும் ஒரே அளவில் வழங்கப்படுகிறதா?

தேர்கூட் மார்ஷலைக் கேட்டுப் பார்க்கலாம். கறுப்பின மக்களுக்காகத் தென் மாநிலங்களின் சிற்றூர் நீதிமன்றங்களெல்லாம் ஏறி இறங்கியவர் அவர். 1946இல் ரெனசி மாநிலத்துக் கொலம்பியா என்னும் ஊரிலே வழக்கொன்றை முடித்துத் திரும்பிய இரவு, பொலிசார் அவருடைய காரை மறித்தனர். குடித்துவிட்டு ஓட்டினாரென்று பொய்க் குற்றஞ்சாட்டி ஆற்றங்கரைப் பக்கமாகக் கொண்டு சென்றனர். தோழர்கள் விடாது பின்தொடர்ந்தமையால் உயிர் மிஞ்சிற்று. 1954இல் பாடசாலைகளில் நிற ஒதுக்கலைச் சட்டவிரோதமாக்கிய தீர்ப்பைப் பெற்றுத் தந்தவரும் அவரே. உச்ச நீதிமன்றத்தில் 32 வழக்குகளை வாதாடி 29இல் வென்ற அச்சட்டத்தரணியை 1961இல் ஜனாதிபதி கெனடி மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு நியமித்தபோது செனற் சபை என்ன செய்தது? ஏறக்குறைய ஓராண்டு இழுத்தடித்தது. 1962 செப்டெம்பரில், 54க்கு 16 என்ற வாக்குகளால், விட்டுக் கொடுத்தது. அங்கே அவர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்புகளில் ஒன்றையேனும் உச்ச நீதிமன்றம் மாற்றவில்லை. அவருக்குக் குறைவாக இருந்தது சட்ட ஞானமல்ல என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

அது பழைய காலம், நிறவெறிக் காலம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஜாக்சன் ஹார்வார்டில் கற்றவர். உச்ச நீதிமன்றக் கிளாக்காகவும் இருந்தவர். பாதையின் படிகளெல்லாம் அவருக்கும் உண்டு. ஒன்று மட்டும் கூடுதலாக இருந்தது: 2005 முதல் 2007 வரை, கட்டணம் செலுத்த வழியற்றவர்களுக்காக அரச செலவில் வாதாடும் காரியாலயத்திலே அவர் பணியாற்றினார். குவாந்தனாமோவில் அடைக்கப்பட்டோரின் வழக்குகள் அங்கே அவரிடம் ஒப்படைக்கப்பட்டன, தேடிப்போய் எடுத்தவையல்ல. 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்ற நியமன விசாரணையில் அமர்ந்தபோது, அந்தக் கட்சிக்காரர்களைப் பற்றி அவரைக் குடைந்து குடைந்து கேட்டனர். சட்டத்தரணி வேறு, கட்சிக்காரர் வேறு என்ற கோட்பாடு அன்று எந்த அலுமாரியில் பூட்டிக் கிடந்தது?

2021இல் இதே வகைப் பணியிலிருந்து மேன்முறையீட்டு நீதிமன்றங்களுக்குச் சென்ற கன்டேஸ் ஜாக்சன்-அக்கிவூமிக்கு 53க்கு 40; யூனிஸ் லீக்கு 50க்கு 47. கட்சிப் பிளவு முற்றிவிட்ட நாட்களில் எந்த நியமனத்துக்கும் வாக்குகள் பிரிந்தே விழுகின்றன என்பது உண்மை. இலக்கங்களை மட்டும் வைத்து நாம் வழக்காடவில்லை. கேட்கப்பட்ட கேள்விகளைப் பாருங்கள் என்கிறோம். எண்ணெய்க் கொம்பனிக்காக வாதாடியது "அனுபவம்" என்று எழுதப்படுகிறது. கைதிக்காக வாதாடியதோ விளக்கம் சொல்லித் தீரவேண்டிய விடயமாகிறது. சட்டம் கற்கும் இளைஞர்கள் குருடர்களல்லர். எந்த வழக்கை எடுத்தால் கதவு திறக்கும், எதை எடுத்தால் இருபது ஆண்டுகள் கழித்து விசாரணை மேசைமுன் வியர்க்க நேரும் என்பதை அவர்கள் கற்றுக் கொள்கின்றனர். இப்படியாக, எவருடைய நேர்மையையும் விலைக்கு வாங்காமலேயே, ஆசனங்கள் ஒரு பக்கத்து மனிதரால் நிரம்புகின்றன. நில உடைமையாளனின் துயரம் அவர்களுக்கு நூலறிவும் பழக்கமும் ஆகும். குடியிருந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்டவனின் துயரமோ அவர்களுக்கு வழக்கேட்டில் வாசித்தறியும் செய்தி.

இனி அந்த "நம்மவர்" என்ற சொல்லுக்கு வருவோம். நெற்காணிகளும் தென்னைகளும் சூழ்ந்த, நமது ஊர்களைப் போன்ற ஊர்கள்தாம் ஆச்சேயின் ஊர்கள். அம்மக்கள் வாஷிங்டன் நீதிமன்றத்திலே 2001இல் தொடுத்த வழக்கு, 2023 மே மாதத்தில், விசாரணை தொடங்கச் சில நாட்களே இருக்கையில், நிபந்தனைகள் வெளியிடப்படாத உடன்பாடு ஒன்றினால் முடிந்தது. வழக்கேட்டில் அவர்களுடைய பெயர்களைத் தேடிப் பயனில்லை. படையினருக்கு அஞ்சி, ஜோன் டோ, ஜேன் டோ என்னும் புனைபெயர்களிலேயே அவர்கள் இருபத்திரண்டு ஆண்டுகளும் வழக்காடினர்.