கடையில் வரும் கணக்கு நோட்டில் வராதா?



"இது மக்கு. இதுக்குப் படிப்பு ஏறாது." நம்மைப் போன்ற வீடுகளில் ஆறேழு வயதுப் பிள்ளையின் காதுபடவே இதைச் சொல்லிவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளையும் "எனக்கு ஒண்ணும் வராது" என்று ஆரம்பித்துவிடுகிறது. மார்க்கை மட்டும் பார்த்துச் சொல்லும் இந்தத் தீர்ப்பு அநியாயம் என்பது என் கருத்து.

என் தங்கை நாலாம் வகுப்பு. சாயங்காலம் அம்மாவின் பூக்கடையில் உட்காருவாள். முழம் 30 ரூபாய். இரண்டரை முழம் வாங்கி 200 ரூபாய் நோட்டை நீட்டினால், மீதி 125-ஐ நொடியில் எடுத்துக் கொடுப்பாள். அதே 200-ல் 75 போனால் எவ்வளவு என்பதற்கு நோட்டில் அவள் எழுதிய விடை 275! பூஜ்யத்தில் ஐந்து போகாதாம். அதனால் ஐந்தில் பூஜ்யத்தைக் கழித்திருக்கிறாள். ஏழுக்கும் அப்படியே. கடையில் இப்படிக் கொடுத்தால் அம்மா சும்மா விடுமா?

"கடையில எப்படிடி கொடுத்தே?" என்று கேட்டேன்.

"எழுபத்தஞ்சோட இருபத்தஞ்சு சேர்த்தா நூறு. மேல ஒரு நூறு. அவ்வளவுதான்."

"அதுக்குப் பேருதான் கழித்தல். உனக்கு நல்லாவே வருது."

"அது கணக்கு இல்லண்ணா, சில்லறை!" என்கிறாள்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரில் தெருவில் வியாபாரம் செய்த பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 1985-ல் வெளியானது. விற்கும் இடத்தில் கேட்ட கணக்கில் 98 சதவீதம் சரி. அதையே வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி! ஐந்தே பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுதானே என்று சிலர் கேட்கலாம். டெல்லி, கொல்கத்தா சந்தைகளில் 1,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2025-ல் வந்தது. அங்கேயும் இதே நிலைதான். பள்ளிக் கணக்கை நன்றாகப் போட்ட பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறியதும் அதில் இருக்கிறது. (டாப்பர்கள் கோபிக்க வேண்டாம்!)

ஆனால் ஒரு ஆபத்து உண்டு. "கை வேலை நல்லா வருதே, அப்புறம் படிப்பு எதுக்கு?" என்று கேட்கச் சிலர் தயாராக இருப்பார்கள். பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று 1953-ல் ஒரு திட்டமே வந்தது. குலக்கல்வி என்று எதிர்ப்புக் கிளம்பி, 1954-ல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. கைவிடாமல் இருந்திருந்தால் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பத்தாவது தாண்டிய நான் இந்த மலரில் எழுதிக்கொண்டிருப்பேனா? பிள்ளையின் திறமையைச் சுட்டிக்காட்டச் சொல்வது அதைப் பிடித்துக்கொண்டு அது படிப்பில் ஏறுவதற்காகத்தான், அங்கேயே நிறுத்திவைக்க அல்ல.

வெறுமனே "நீ கெட்டிக்காரன்" என்று முதுகில் தட்டினால் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. எதில் கெட்டிக்காரன் என்று சொல்ல வேண்டும். காலையில் வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்பும் பெற்றோருக்கு அதற்கு நேரமில்லை. பள்ளியில் டீச்சருக்கோ, அவன் ஒர்க் ஷாப்பில் என்ன செய்கிறான் என்பது தெரியாது. நமக்கு இரண்டு இடமும் தெரியும். பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகும்போது பாருங்கள், மாமா கேட்குமுன்பே சரியான ஸ்பேனரை எடுத்து நீட்டும் பொடியன் ஒருவன் உங்கள் தெருவிலும் இருப்பான். "அளவு பார்க்க உனக்கு நல்ல கண்ணுடா" என்று சொல்லுங்கள். ஸ்கேலை அவன் கையில் கொடுத்து, 14-ம் நம்பர் ஸ்பேனரின் வாய் 14 மில்லிமீட்டர் என்று அவனையே அளக்க விடுங்கள். முடிந்தால் அவன் டீச்சரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.