செயலி இருக்கிறது; மூலநிரல் எங்கே?



நம் தமிழ்ப்பள்ளிகளில் செயலி உருவாக்கும் முயற்சி ஒரு நல்ல மரபாக வேரூன்றி வருகிறது. இரட்டைக்கிளவி, மரபுத்தொடர், பெருக்கல் வாய்பாடு என்று பல பொருள்களில் ஆசிரியர்களும் மாணவர்களும் செயலிகளைப் படைத்துப் புத்தாக்கப் போட்டிகளில் பங்கேற்கின்றனர். மிகவும் பாராட்டத்தக்க முயற்சி இது.

ஆயினும், ஒரு கேள்வியை நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். போட்டி முடிந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அச்செயலியில் ஓர் எழுத்துப்பிழை கண்டுபிடிக்கப்பட்டால், அதனைத் திருத்த யாரால் முடியும்?

செய்த ஆசிரியர் வேறு பள்ளிக்கு மாற்றலாகிச் சென்றிருப்பார். அவருடைய மடிக்கணினி பழுதடைந்திருக்கலாம். புலனக் குழுவில் பகிரப்பட்ட ஏ.பி.கே. கோப்பு மட்டுமே எஞ்சியிருக்கும். அக்கோப்பைத் திறன்பேசியில் நிறுவலாம். ஆனால், ஆப் இன்வென்டரில் மீண்டும் திறந்து திருத்த இயலாது. சுட்ட தோசையை மறுபடியும் மாவாக்க முடியுமா? மாவு என்பது ஏ.ஐ.ஏ. என்னும் திட்டக் கோப்பு. அதனைப் பாதுகாக்காத பள்ளி, தன் மாணவர்களின் உழைப்பைப் பாதுகாக்கவில்லை என்பதே என் கருத்து.

இதற்கு ஏற்ற வழி, செயலித் திட்டத்தைத் தொடங்கும் நாளிலேயே ஒரு நிரல் களஞ்சியச் சேவையோடு இணைத்துவிடுவதாகும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் லினக்ஸ் பணிக்காக உருவாக்கிய 'கிட்' என்னும் மென்பொருள், ஒரு திட்டத்தில் எந்த நாளில் யார் எதை மாற்றினார் என்பதை வரிசையாகப் பதிந்துவைக்கிறது. அப்பதிவுகளை இணையத்தில் வைத்துக்கொள்ள இடந்தரும் சேவைகளுள் ஒன்று, 2008-இல் தொடங்கப்பட்ட கிட்ஹப். 2018-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் அதனை வாங்கியது. பிறர் பார்க்க இயலாத தனிக் களஞ்சியங்களையும் 2019 முதல் அங்குக் கட்டணமின்றி வைத்துக்கொள்ளலாம்.

ஆண்டிராய்டு ஸ்டுடியோ போன்ற மென்பொருள்களில் கிட்ஹப் இணைப்பு உள்ளேயே அமைந்துள்ளது. ஆப் இன்வென்டரைப் பயன்படுத்துவோர், திட்டத்தை ஏ.ஐ.ஏ. கோப்பாகத் தம் கணினிக்கு ஏற்றுமதி செய்து களஞ்சியத்தில் ஏற்றலாம். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஏ.ஐ.ஏ. என்பது ஜிப் முறையில் சுருக்கப்பட்ட ஒரு பொதி. அப்படியே ஏற்றினால் கோப்பு பாதுகாப்பாக இருக்கும். ஆனால் உள்ளே என்ன மாறியது என்பதைக் கிட் காட்டாது. பொதியை விரித்து, உள்ளிருக்கும் கோப்புகளையும் சேர்த்து ஏற்றினால், திரை அமைப்பும் கட்டளைத் தொகுப்புகளும் எழுத்து வடிவில் இருப்பதால் மாற்றங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். எனவே, இரண்டையும் வைத்திருப்பதே சிறந்தது.

"கூகுள் டிரைவில் வைத்தால் போதாதா?" என்று சிலர் வினவலாம். ஒன்றும் இல்லாததற்கு அது மேல்தான். ஆனால், ஒவ்வொரு மாற்றத்திற்கும் காரணம் எழுதும் பழக்கத்தை அது தராது. களஞ்சியத்தில் ஒவ்வொரு முறை பதியும்போதும் ஒரு சிறு குறிப்பு எழுத வேண்டும். அக்குறிப்பை மாணவர்களைக் கொண்டே தமிழில் எழுதச் செய்யலாம். "என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம்" என்பதை ஒரே வாக்கியத்தில் பிழையின்றி எழுதுவது சிறந்த மொழிப்பயிற்சி அல்லவா?

"எங்கள் படைப்பைப் பிறர் எடுத்துக்கொள்வார்களே" என்பது இன்னொரு தயக்கம். போட்டி முடியும்வரை களஞ்சியத்தைத் தனியாக வைத்திருங்கள். பிறகு பொதுவில் திறந்து, பயன்பாட்டு உரிமத்தையும் இணைத்துவிடுங்கள். உரிமம் குறிப்பிடாத நிரலைப் பிறர் பார்க்கலாமே தவிர, உரிமையோடு எடுத்தாள முடியாது.

திறந்து வைப்பதால் என்ன பயன்? ஓர் எடுத்துக்காட்டு. 'தமிழ்' என்னும் சொல்லில் மூன்று எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியில் உயிர்மெய்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் ஆகையால், சொல்லின் நீளத்தைக் கேட்டால் கணினி ஐந்து என்று விடை தரும். சொல் விளையாட்டுச் செயலி செய்யும் ஒவ்வொருவரும் இச்சிக்கலைச் சந்தித்தே தீர வேண்டும். பைத்தான் மொழியில் இதற்குரிய தீர்வை 'ஓப்பன் தமிழ்' நிரலகம் கிட்ஹப்பில் பொதுவாக வழங்கியுள்ளது. அதுபோல், ஆப் இன்வென்டரில் ஒரு பள்ளி கண்ட தீர்வு பொதுவில் இருந்தால், நாட்டிலுள்ள ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் எதுவும் மீண்டும் தொடக்கத்திலிருந்து அல்லல்பட வேண்டியதில்லை.

எனினும், சில எச்சரிக்கைகள் இன்றியமையாதவை:

1. கிட்ஹப்பில் கணக்குத் தொடங்கக் குறைந்தது 13 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆகவே, தொடக்கப்பள்ளி மாணவர் பெயரில் கணக்கு வேண்டாம். ஆசிரியரே பதிவேற்ற வேண்டும்.

2. மாணவரின் முழுப்பெயர், படம், குரல், மதிப்பெண் ஆகியவற்றைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றக்கூடாது. கடவுச்சொல்லும் செயலியைக் கையொப்பமிடும் சாவிக் கோப்பும் அவ்வாறே. பின்னர் அழித்தாலும் பழைய பதிவுகளில் அவை தங்கிவிடும்.

3. களஞ்சியம் தனி ஆசிரியரின் கணக்கில் இல்லாமல், பள்ளியின் பெயரிலான நிறுவனக் கணக்கில் இருக்கட்டும். அதற்குக் குறைந்தது இரண்டு ஆசிரியர்களாவது உரிமையாளராக இருக்க வேண்டும். ஒருவர் மாற்றலானாலும் திட்டம் பள்ளியிலேயே நிலைக்கும்.

4. ஒரே சேவையை முழுமையாக நம்பிவிட வேண்டாம். பெரிய நிறுவனமான கூகுள் நடத்திய 'கூகுள் கோட்' சேவையே 2016-இல் மூடப்பட்டது. முழு வரலாற்றோடும் ஒரு படியைப் பள்ளிக் கணினியிலும் வைத்திருங்கள்.

ஆசிரியரின் பணிச்சுமையை நான் அறியாமல் எழுதவில்லை. ஆனால், மாதக்கணக்கில் உழைத்துச் செய்த செயலியை அடுத்த ஆண்டு மீண்டும் தொடக்கத்திலிருந்து செய்வதே பெருஞ்சுமை. வாரத்திற்கு ஒருமுறை ஏற்றுமதி செய்து, குறிப்பெழுதிப் பதிவது அதனோடு ஒப்பிடத்தக்கதன்று.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், பள்ளி வென்ற பதக்கத்திற்குக் கைதட்டுங்கள். பிறகு, "நம் பிள்ளைகள் செய்த செயலியின் திட்டக் கோப்பு எங்கே இருக்கிறது? யார் பொறுப்பில் இருக்கிறது?" என்று பணிவோடு கேளுங்கள். அக்கேள்விக்குத் தெளிவான விடை உள்ள பள்ளியில், இன்றைய நான்காம் ஆண்டு மாணவன் விட்ட இடத்திலிருந்து நாளைய மாணவன் தொடரலாம்.