பணயமும் பரிசும்

ஓர் அரசு எவ்வளவு வரி பெறுகிறது என்பதைக் கணக்கர்கள் ஆராயலாம். எந்த வருவாயை எந்த வருவாயோடு ஒரே தட்டில் வைத்து நிறுக்கிறது என்பதை ஆராய்வதோ குடிமக்கள் அனைவரின் கடமையாகும். உழைத்துப் பெற்றதற்கும், கற்றுப் பெற்றதற்கும், பணயம் வைத்து ஆடி மற்றவரிடமிருந்து பறித்ததற்கும் நம் மரபு என்றுமே வேறுபாடு கண்டிருக்கிறது. கள்ளுண்ணாமையை அடுத்துச் சூதுக்கெனத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் அதனைப் பொருட்பாலில் வைத்தார். சூது தனியொருவரின் ஒழுக்கக்கேடு மட்டுமன்று, ஒரு குடியின் பொருள்வாழ்வையே குலைக்கும் கேடு என்று அவர் கருதியிருக்க வேண்டும். வடபுலத்து அர்த்தசாத்திரமோ வேறு வழியில் சென்றது. சூதாடும் இடங்களை அரசின் கண்காணிப்பில் கொண்டுவந்து, வென்றவரின் பணயத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கை அரசுக்கு உரியதாக்கியது. விலக்குவதா, பங்கு பெறுவதா என்னும் அந்தப் பழைய இழுபறி நம் காலத்துச் சட்டங்களிலும் தீராமலே இருக்கிறது.

1922ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் எதிர்பாராமல் வந்து சேரும் வருவாயைத் தொடாமல் விட்டது. 1961ஆம் ஆண்டின் சட்டமும் தொடக்கத்தில் அவ்வழியே நின்றது. பரிசுச்சீட்டு, குறுக்கெழுத்துப் போட்டி, குதிரைப் பந்தயம், சீட்டாட்டம், சூதாட்டம் ஆகியவற்றில் வென்ற பணம் வருமானமே என்று 1972இல்தான் சட்டம் சொல்லிற்று. 1986இல் அதற்கெனத் தனிப் பிரிவு அமைத்து 40 விழுக்காடு வரி விதித்தார்கள். 2001இல் அது 30 விழுக்காடாகக் குறைந்தது. இவ்வரியின் கடுமை விகிதத்தில் மட்டும் இல்லை. அடிப்படை வருமான விலக்கு இதற்குக் கிடையாது. செலவைக் கழிக்க இயலாது. தோற்றதை வென்றதற்கு எதிராக ஈடுசெய்ய இயலாது. வேறு வருமானம் ஏதும் இல்லாத ஒருவர் ஒரு கோடி ரூபாய் வென்றால், மேல்வரியும் கூடுதல் தீர்வையும் சேர்த்து 34,32,000 ரூபாய் அரசுக்குச் செல்லும்.

சூதாடி வென்ற பணத்தைப் பொறுத்தவரை இக்கடுமையை நாம் குறை கூறவில்லை. அமெரிக்காவில் சூதில் இழந்ததை வென்றதிலிருந்து கழிக்க இடமுண்டு. அங்கும் 2025இல் இயற்றப்பட்ட சட்டம் அவ்வுரிமையைச் சுருக்கி, 2026 முதல் இழப்பில் 90 விழுக்காட்டை மட்டுமே ஏற்கிறது. பிரிட்டனில் பந்தயம் கட்டுபவரிடம் வரி இல்லை; நடத்துபவரிடமே பெறுகிறார்கள். ஒருவர் மேசையில் இழந்ததைப் பொதுக் கருவூலம் பகிர்ந்துகொள்ள வேண்டியதில்லை என்னும் இந்தியச் சட்டத்தின் நிலைப்பாடே இம்மூன்றிலும் நேர்மையானது என்பது நம் கருத்து.

ஆனால் 2001ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் விகிதத்தைக் குறைத்ததோடு நில்லாமல், மற்றொரு காரியத்தையும் செய்தது. தொலைக்காட்சியில் கேள்வி கேட்டுப் பரிசளிக்கும் நிகழ்ச்சிகள் இந்தியில் தொடங்கி நாடெங்கும் பரவிய நேரம் அது. சீட்டாட்டம், பிற விளையாட்டு என்னும் சொற்களுக்கு விளக்கம் எழுதப் புகுந்தவர்கள், மக்கள் போட்டியிட்டுப் பரிசு வெல்லும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் அவற்றுள் அடங்கும் என்று வரைந்தார்கள். அன்றிலிருந்து, படித்த படிப்பையும் நினைவாற்றலையும் மட்டும் துணைக்கொண்டு, தம் கையிலிருந்து ஒரு காசும் பணயம் வைக்காமல் பதினைந்து கேள்விகளுக்கு விடை சொன்னவரும், குதிரையின் மேல் பணம் கட்டி வென்றவரும் வரித்துறையின் முன் ஒரே இனம் ஆனார்கள்.

இதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். 2025-26 நிதியாண்டு முதல், புதிய வரிமுறையில் ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபாய் வரை பொதுவான வருமானம் உள்ளவர் வரி செலுத்த வேண்டியதில்லை. ஆனால் கூலி வேலை செய்து பிழைக்கும் ஓர் இளைஞர் அத்தகைய நிகழ்ச்சி ஒன்றில் ஒரு இலட்சம் ரூபாய் வென்றால், அவர் 31,200 ரூபாய் வரி செலுத்தியாக வேண்டும். திங்கள்தோறும் ஒரு இலட்சம் ஈட்டுபவரை விட்டுவிட்டு, வாழ்நாளில் ஒருமுறை ஒரு இலட்சத்தைக் கண்டவரிடம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கேட்கும் விதி எந்த நீதிக்கு ஏற்புடையது? தமிழில் ‘கோடீஸ்வரன்’ தொடங்கி ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ வரை இந்நிகழ்ச்சிகளை வீடு நிறைந்த மகிழ்ச்சியோடு பார்த்த நம்மில் எத்தனை பேர் இக்கேள்வியைக் கேட்டோம்? நாமும் கேட்கவில்லை என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

திறமைக்குக் கிடைக்கும் பரிசை வேறு வகையாகப் பார்க்கச் சட்டத்துக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நிறைவுற்ற உலகச் சதுரங்க வாகையர் போட்டியில் நம் சென்னையின் குகேஷ் மூன்று ஆட்டங்களை வென்று வாகை சூடியபோது, பரிசுத் தொகையான 25 இலட்சம் டாலரில் அவர் பங்கு 13.5 இலட்சம் டாலர். தொழில்முறை வீரர் ஒருவரின் இத்தகைய வருவாய் பொதுவான அடுக்கு விகிதங்களின்படி வரிக்கு உட்படுவது. பயிற்சிக்கும் பயணத்துக்கும் ஆன செலவைக் கழிக்க அவருக்கு வழியுண்டு. தொழில்முறை அல்லாத விளையாட்டு வீரர் பெறும் பரிசு அன்பளிப்பின் தன்மையது, அதற்கு வரி இல்லை என்று 1986இலேயே நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கை விடுத்திருக்கிறது. அரசுகள் அளிக்கும் விருதுகளுக்கு, நடுவணரசின் ஒப்புதலோடு, முழு விலக்கும் உண்டு. சதுரங்கப் பலகையின் முன் அமர்ந்து சிந்திப்பவருக்கு உள்ள மதிப்பு, கேள்வியின் முன் அமர்ந்து சிந்திப்பவருக்கு மட்டும் ஏன் மறுக்கப்படுகிறது?

திறமையா, வாய்ப்பா என்னும் அளவுகோலை வைத்துக்கொண்டு நீதிமன்றங்கள் எழுபது ஆண்டுகளாகத் தீர்ப்பளித்து வருகின்றன. 1957இல், பெங்களூரிலிருந்து நுழைவுக் கட்டணம் பெற்று நடத்தப்பட்ட குறுக்கெழுத்துப் போட்டி ஒன்றைப் பற்றிய வழக்கில், சூதாட்டம் வணிகம் ஆகாது, அரசமைப்பின் காப்பு அதற்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் உறுதிபடக் கூறியது. 1996இல், தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கில், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டம் அன்று என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல், இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றபோதும், ரம்மியும் போக்கரும் திறமையாட்டங்கள் என்று அவற்றைத் தடையிலிருந்து விலக்கிவிட்டது. ரம்மியில் திறமை இல்லாமலில்லை. ஆனால் கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டவரின் வீட்டார்க்கு அத்திறமையால் என்ன ஆறுதல்? கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஆடியவர் பணயம் வைத்தாரா, வென்றவரின் பணம் தோற்றவரின் பையிலிருந்து வந்ததா?

இந்த அளவுகோலின்படி குதிரைப் பந்தயமும், பணம் வைத்தாடும் ரம்மியும், பரிசுச்சீட்டும் ஒருபுறம் நிற்கும். வினாப்போட்டியும் சதுரங்கமும் மறுபுறம் நிற்கும். சிற்றூர்ச் சதுரங்கப் போட்டிக்கும் நுழைவுக் கட்டணம் உண்டே என்று வினவலாம். போட்டியை நடத்தும் செலவுக்கான கட்டணம் வேறு. தோற்பவர் கட்டியதே வெல்பவருக்குப் பரிசாகக் குவியும் பணயம் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிவது சட்டம் வரைபவர்க்கு அரிய செயலன்று.

பணயத்தின் பக்கம் நிற்பவற்றிலோ அரசின் நடத்தை நமக்குக் கவலை அளிக்கிறது. 2023 ஏப்ரல் முதல் இணைய விளையாட்டில் வென்றவருக்கு மட்டும், கட்டிய பணத்தைக் கழித்து எஞ்சிய நிகரத் தொகைக்கே 30 விழுக்காடு என்று சலுகை தந்தார்கள். சீட்டு வாங்கிய ஏழைக்கு அதுகூட இல்லை. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து, கட்டப்படும் முழுத் தொகைக்கும் 28 விழுக்காடு சரக்கு, சேவை வரி வந்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இவ்விரண்டு வரிகளையும் ஈட்டிய பிறகே, 2025 ஆகஸ்டில் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளை நாடாளுமன்றம் தடைசெய்தது. தடை வந்ததை வரவேற்கிறோம். தீமை என்று பின்னர் ஒப்புக்கொண்ட ஒன்றிலிருந்து அந்த இடைக்காலத்தில் பெற்ற வருவாயில் ஒரு பங்கேனும், அதனால் குடிகெட்ட குடும்பங்களுக்குச் சென்று சேர வேண்டும்.

பரிசுச்சீட்டின் கதை இன்னும் பழையது. 1968இல் அரசே தொடங்கிய பரிசுச்சீட்டைத் தமிழ்நாடு 2003இல் வருவாய் இழப்பைப் பொருட்படுத்தாமல் கைவிட்டது. அம்முடிவு இன்றும் பாராட்டுக்குரியது. அண்டை மாநிலமான கேரளம் 1967 முதல் நடத்தி வருகிறது. 2023இல் 25 கோடி ரூபாய் ஓணப் பரிசு, எல்லையோர வாளையாற்றில் விற்ற சீட்டுக்கு விழுந்து, தமிழ்நாட்டினருக்கே சென்றது. அந்த ஒரு சீட்டைப் பற்றி ஊரே பேசியது. எல்லை கடந்து சென்று வாங்கி விழாமற்போன சீட்டுகளைப் பற்றி யாரும் பேசவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் பரிசுச்சீட்டுக்கு 40 விழுக்காடு சரக்கு, சேவை வரி. சீட்டு விற்கும்போது ஒரு பங்கு, பரிசு விழும்போது மற்றொரு பங்கு என்று, எந்தக் குலுக்கலிலும் தோற்காதவர் அரசு ஒருவரே. இவ்வருவாயை நம்பி வரவு செலவுத் திட்டம் வகுக்கும் எந்த அரசும் சூதைக் குறைக்க மனமார முன்வராது என்பதே நம் அச்சம்.

1961ஆம் ஆண்டின் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு உரியது. சொற்களை எளிமையாக்கியதை அதன் சிறப்பாகச் சொல்கிறார்கள். ஆனால் வென்ற பணத்துக்கான 30 விழுக்காட்டைப் பழையபடியே அது ஏற்றுக்கொண்டிருக்கிறது. அடுத்த நிதிச் சட்டத்திலேயே, பணயம் இல்லாத அறிவுப் போட்டிகளின் பரிசை அவ்விகிதத்திலிருந்து விடுவித்து, அடிப்படை விலக்கோடு கூடிய பொது அடுக்குகளுக்குக் கொண்டுவருமாறு நிதியமைச்சரை வலியுறுத்துகிறோம். பல கோடி செலவாகும் மாற்றமன்று அது. தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி இக்கோரிக்கையை அவையில் எழுப்ப வேண்டும்.