கம்பியைத் திருடுவது யார்?

டெலிபோன் கம்பித் திருட்டைப் பற்றிப் பேச்சு வந்தால், "திருடனைப் பிடித்து உள்ளே தள்ளு" என்பதுதான் ஜனங்களில் பெரும்பாலோர் உடனே சொல்லுகின்ற பரிகாரமாய் இருந்து வருகின்றது. தள்ள வேண்டியதுதான், அதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நடுநிசியில் குழியில் இறங்கிக் கம்பியை அறுக்கின்றவன் அதைத் தின்னப் போகிறானா, கழுத்தில் நகையாய்ப் போட்டுக்கொள்ளப் போகிறானா என்று ஒருவராவது யோசித்ததுண்டா? பொழுது விடிவதற்குள் அதை வாங்கிக்கொள்ள ஒருவன் தராசும் ரொக்கமுமாய் உட்கார்ந்திருக்கிறான் என்கின்ற தைரியத்தினால்தானே அவன் குழிக்குள் இறங்குகிறான்? இவ்வளவு சாதாரண விஷயத்தை, நாகரிக தேசம் என்று பெயர் வாங்கிய பிரிட்டன் கண்டுகொள்வதற்கு எத்தனை வருஷம் பிடித்தது என்பதையே இங்கு எடுத்துக்காட்ட ஆசைப்படுகின்றோம்.

முதலில் அந்தக் கம்பி செய்கின்ற வேலையைப் பார்ப்போம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மெல்லிய செம்புக் கம்பிகள் ஒரு ஜோடியாய் முறுக்கப்பட்டுச் செல்லுகின்றன. பேச்சுப் போவதும் அதில்தான். பிராட்பேண்ட் இன்டர்நெட் என்பதும், பேச்சுக்கு மேற்பட்ட அலைவரிசையில், அதே ஜோடியின் வழியாகவேதான் வெகுகாலம் வந்துகொண்டிருந்தது. தெருமுனைப் பெட்டி வரையில் கண்ணாடி இழை வந்துவிட்ட பிறகும், பெட்டியிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் அநேக இடங்களில் இன்னமும் பழைய செம்புதான். இப்படிப்பட்ட ஜோடிகள் நூற்றுக்கணக்கில் ஒரே உறைக்குள் அடைந்து பூமிக்கடியில் கிடக்கின்றன. திருடன் இரண்டு இடத்தில் வெட்டி, நடுவில் உள்ளதை வண்டியில் மாட்டி இழுத்துக்கொண்டு போய்விடுகிறான். அவனுக்கு அது அரைமணி வேலை. பழுது பார்க்க வருகின்ற தொழிலாளியோ புதுக் கம்பியை இழுத்து, ஒவ்வொரு ஜோடியையும் இன்ன வீட்டினுடையது என்று அடையாளங்கண்டு, இரு முனையிலும் தனித்தனியே சேர்க்க வேண்டும். அதற்கு நாட்கணக்கில் ஆகும். அதுவரை அந்தக் கிராமத்துக் கடைக்காரன் கார்டில் பணம் வாங்க முடியாது. பிள்ளை பாடம் பார்க்க முடியாது. செல்போன் சிக்னல் எட்டாத பள்ளத்தாக்கில் தனியே இருக்கின்ற கிழவி மார்வலி கண்டால் 999-க்குக் கூப்பிட முடியாது. திருடனுக்குக் கிடைத்தது சில நூறு பவுன். ஊருக்குப் போனதை எந்தத் தராசில் நிறுப்பது?

நிற்க, திருடர்கள் எண்ணிக்கை திடீரென்று பெருகியதற்குக் காரணம் ஜனங்களின் ஒழுக்கம் கெட்டதுதான் என்று சிலர் பிரசங்கம் செய்தார்கள். லண்டன் உலோகச் சந்தையின் கணக்கைப் புரட்டியிருந்தால் உண்மை தெரிந்திருக்கும். 2008-ம் வருஷக் கடைசியில் ஒரு டன் செம்பு 3,000 டாலருக்கும் கீழே கிடந்தது. 2011 பிப்ரவரியில் அதே டன் 10,000 டாலரைத் தாண்டிற்று. இரண்டு வருஷ காலத்தில் ஒழுக்கம் மூன்றில் ஒரு பங்காய்க் குறைந்துவிட்டதா, அல்லது விலை மூன்று பங்குக்கு மேல் ஏறியதா என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

அந்தக் காலத்தில் அந்நாட்டுக் காயலான் கடைக்காரர்களைக் கட்டுப்படுத்தி வந்தது 1964-ம் வருஷத்துச் சட்டமாகும். அதன்படி கடைக்காரன் தன் பெயரை நகரசபையில் பதிந்துகொண்டால் போதும். விற்க வந்தவன் சொன்ன பெயரைப் புஸ்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அது அவனுடைய பெயர்தானா என்று அத்தாட்சி கேட்க வேண்டியதில்லை. கொடுப்பதோ ரொக்கம். ரொக்கத்துக்கு நாக்கில்லையல்லவா? டெலிபோன் கம்பெனி தவிர வேறு யாரிடமும் இருக்க முடியாத கம்பியை, இன்னதென்று பார்த்தவுடனே தெரிகின்ற கம்பியை, "எங்கள் வீட்டுக் கொல்லையில் கிடந்தது" என்று ஒருவன் கொண்டுவந்தால், அதை நம்பி வாங்கினதாகச் சொல்லுகின்ற வியாபாரி எவ்வளவு பெரிய பக்திமானாய் இருக்க வேண்டும்!

கடைசியாக, 2012 டிசம்பர் 3-ந் தேதி முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பழைய உலோகத்தை ரொக்கம் கொடுத்து வாங்குவதே குற்றமாக்கப்பட்டது. 2013 அக்டோபர் முதல் புதுச் சட்டம் வந்து, கடைக்கு லைசென்ஸ், விற்கின்றவன் பெயருக்கும் விலாசத்துக்கும் அத்தாட்சி, மூன்று வருஷத்துக்குக் கணக்கு என்றெல்லாம் ஏற்பட்டன. தகுதியற்றவனுக்கு லைசென்ஸை மறுக்கவும் பறிக்கவும் நகரசபைக்கு அதிகாரம் வந்தது. திருட்டும் மளமளவென்று இறங்கிற்று. அந்த வருஷங்களில் செம்பின் விலை தணிந்ததும் இதற்கு ஒரு காரணமென்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் ரொக்கத்தின் வாயைக் கட்டியது முக்கிய காரணமல்லவென்று யாரும் சொல்லிவிட முடியாது. ஸ்காட்லாந்தோ இதே காரியத்தைச் செய்ய 2016 செப்டம்பர் வரை காத்திருந்தது. ஒரே தீவில், எல்லைக் கோட்டுக்கு இப்புறம் குற்றம், அப்புறம் வியாபாரம்!

இந்தச் சட்டம் வேண்டுமென்று கேட்டவர்களில் பாதிரிமார்களும் சேர்ந்திருந்தார்கள். மாதா கோயில் கூரைகளின் ஈயத் தகட்டைத் திருடர்கள் உரித்துக்கொண்டு போனதே காரணம். ஜெபத்தை நம்பி வீட்டில் உட்காராமல் பார்லிமெண்டை நம்பி வெளியில் வந்ததற்காக அவர்களை மனமாரப் பாராட்டுகின்றோம்.

தெருத்தெருவாய்த் தகரம் பொறுக்குகின்ற ஏழையின் வயிற்றில் இது அடிக்குமே என்று ஒரு ஆட்சேபணை வந்தது. நியாயமான ஆட்சேபணைதான். அதனால் 2012-ல் அவனுக்கு விலக்குக் கொடுத்தார்கள். அந்த ஓட்டை வழியாக யார் யார் நுழைவார்கள் என்பதை உணர்ந்து 2013-ல் அதை அடைத்து, அவனுக்கும் லைசென்ஸ் என்றார்கள். யோக்கியமாய்ப் பொறுக்குகின்றவனுக்குப் பாங்கியில் பணம் வருவதால் நஷ்டமில்லை. உண்மையில், ரொக்கத்தில் அவனை எடையிலும் விலையிலும் ஏமாற்றியவனுக்குத்தான் நஷ்டம்.

கண்ணாடி இழை போட்டுவிட்டால் தீர்ந்தது என்போரும் இருக்கின்றார்கள். கண்ணாடிக்குக் காயலான் கடையில் விலை இல்லை என்பது வாஸ்தவம். ஆனால் இருட்டில் வெட்டுகின்றவன் உள்ளே கண்ணாடியா செம்பா என்று வெட்டின பிறகுதானே அறிவான்? 2011 மார்ச்சில் ஜார்ஜியா தேசத்தில் செம்பு தேடிப் பூமியைத் தோண்டிய ஒரு வயதான ஸ்திரீயின் மண்வெட்டி கண்ணாடி இழைக் கம்பியில் பட்டதாகவும், அதனால் பக்கத்துத் தேசமாகிய ஆர்மீனியாவின் பெரும்பகுதி பல மணி நேரம் இன்டர்நெட் இல்லாமல் கிடந்ததாகவும் அந்நாட்டுப் போலீசார் சொன்னார்கள். பட்டினி கிடக்கின்ற கிழவியின் மண்வெட்டிக்கு ஒரு தேசத்தை ஒரே கம்பியில் தொங்கவிட்டது யார் என்று மட்டும் எந்தப் போலீசாரும் கேட்கவில்லை.

பிரிட்டன் செய்த தவறு இன்னொன்று. உலோகத் திருட்டுக்கென்று ஏற்படுத்திய தனிப் போலீஸ் படைக்கு 2014-ல் பணத்தை நிறுத்திவிட்டார்கள். 2024 மே மாதத்தில் செம்பு டன் 11,000 டாலரைத் தாண்டிவிட்டது. சட்டப் புஸ்தகம் அலமாரியில் இருக்கின்றது. கடைகளில் போய்ப் பார்க்கின்றவர்கள் எத்தனை பேர்? பழைய டெலிபோன் முறையை 2025 முடிவோடு நிறுத்துவதாய்ச் சொல்லி, அதை 2027 ஜனவரிக்குத் தள்ளிவைத்தார்கள். பட்டணங்களில் கண்ணாடி வந்துவிட்டது. மலையோரத்திலும் தூரத்துக் கிராமங்களிலும் இருக்கின்றவர்களுக்குக் கடைசியில்தான் வரும். ஆகவே, கடைசிக் கிராமத்துக்குக் கண்ணாடி போய்ச் சேருகின்ற வரையில் காயலான் கடைகளைச் சோதிக்கின்ற படையைத் திரும்ப ஏற்படுத்த வேண்டும். கம்பெனி தானே தோண்டி எடுத்து விற்கின்ற பழைய செம்பின் கிரயத்தை, அந்தக் கிராமங்களுக்கே முதலில் செலவிட வேண்டும்.